கேட்காமலே சொல்லும் பதில்

ஒரு சர்வருக்கு இரண்டு நெட்வொர்க் கார்டு எதற்கு, பழுதானால் மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மாற்றலாம். ஆனால் அது ஒரு மருத்துவமனையின் சர்வர் என்றால், நள்ளிரவில் ஆள் வந்து சேரும்வரை ரத்தப் பரிசோதனை முடிவுகள் வார்டுக்குப் போய்ச் சேராது.

இரண்டு கார்டுகளை ஒன்றாகக் கட்டி ஒரே முகவரியில் இயக்குவதை லினக்ஸில் பாண்டிங் என்பார்கள், விண்டோஸில் டீமிங். 1994-ல் நாசாவின் காடர்ட் மையத்தில் பியோவுல்ஃப் கணினித் தொகுப்புக்காக டொனால்ட் பெக்கர் எழுதிய நிரலில் லினக்ஸ் பாண்டிங் தொடங்கியது. அன்றைய தேவை வேகம். 10 மெகாபிட் ஈதர்நெட் போதவில்லை. இன்று பலரும் இதை நாடுவது அறுபடாத இணைப்புக்காக.

ஆக்டிவ்-பேக்கப் முறையில் ஒரு கார்டு வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். பெரும்பாலும் 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும்படி வைப்பார்கள். அறுந்ததும் அடுத்தது பொறுப்பேற்கும்.

என்னை ஈர்ப்பது அதற்கடுத்த கணம். முகவரி மாறவில்லை, வாசல்தான் மாறியிருக்கிறது. அப்பால் உள்ள ஸ்விட்சுகளுக்கு அது தெரியாது. பழைய வழியிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். பல ஸ்விட்சுகள் அந்த நினைவை 300 விநாடி வைத்திருக்கும். அதனால் புதிய கார்டு, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில்போல, ஏஆர்பி (முகவரி எங்கே இருக்கிறது என்று அறியும் நெறிமுறை) வழியாக ஓர் அறிவிப்பை எல்லோருக்கும் ஒலிபரப்புகிறது: 'இந்த முகவரி இங்கேதான் இருக்கிறது.' அது வந்த திசையைப் பார்த்து ஸ்விட்சுகள் வழியைத் திருத்திக்கொள்கின்றன. வீட்டு முன்வாசலை அடைத்துப் பூச்சுவேலை நடந்தபோது, என் பாட்டி விடியுமுன் தெருமுனைக்கே போய் 'கொல்லைப்பக்கம் வாப்பா' என்று பால்காரரிடம் சொல்லிவிட்டு வருவார். அதே காரியம்தான்.

இவ்வளவு நுட்பத்தையும் நாம் வீணாக்குகிறோம். இரண்டு கேபிளையும் ஒரே ஸ்விட்சில் செருகினால், ஸ்விட்ச் போகும்போது இரண்டும் போகும். ஒரே கார்டின் இரண்டு போர்ட்டுகளைக் கட்டினாலும் கார்டு பழுதானால் இதே கதிதான். இன்னொன்று, கார்டின் இணைப்பு விளக்கு எரிவதால் மட்டும் பாதை திறந்திருக்கிறது என்று ஆகாது. ஸ்விட்சுக்கு அப்பால் அறுந்தால் கார்டுக்குத் தெரியாது. கேட்வேயிடம் அவ்வப்போது ஏஆர்பி கேட்டுச் சரிபார்க்கும் வசதி இதற்காகவே பாண்டிங்கில் இருக்கிறது. அதை அமைத்துவைப்பவர்கள் குறைவு என்பது என் வருத்தம்.

முதல் கார்டு போனது யாருக்கும் தெரியாமலே போவதுதான் பெரிய ஆபத்து. பயனருக்கு எதுவும் தடைபடாது, புகாரும் வராது. அன்றிலிருந்து அந்த சர்வர் ஒற்றைக் கேபிளில் ஓடுகிறது. லினக்ஸில் /proc/net/bonding அடைவில் உள்ள கோப்பைத் திறந்தால், எந்தக் கார்டு எத்தனை முறை அறுந்தது என்ற எண்ணிக்கை இருக்கும். அதைக் கண்காணிப்புப் பலகையில் சேர்க்கச் சர்வரைப் பராமரிப்பவரிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே அறிவித்துவிட்டு, ஒரு பகல் நேரத்தில் கேபிளை உருவியும் பார்க்கச் சொல்லுங்கள்.