பொலிஸாரும் மக்களும் கைகோர்த்தால்...

குற்றம் நடந்த பின்னர் குற்றவாளியைப் பிடிப்பதே பொலிஸாரின் வேலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் அடிதடியும், வெட்டுக்குத்தும், வீட்டுக்குள் நடக்கும் கொடுமையும் பெரும்பாலும் ஒரே நாளில் முளைப்பவை அல்ல. அவற்றுக்கு முன் அறிகுறிகள் இருக்கும். அவற்றை முதலில் அறிபவர்கள் அயலவர்கள்.

மலையகத்துக்கு இது மிகவும் பொருந்தும். ஆங்கிலேயர் காலத்து லயங்களில் ஒரே சுவரின் இருபுறமும் இரு குடும்பங்கள் வாழ்கின்றன. பக்கத்துக் காம்பராவில் விழும் அடி நமக்குக் கேட்கிறது. ஹட்டனிலோ, நோர்வூட்டிலோ, தலவாக்கலையிலோ உள்ள பொலிஸ் நிலையத்துக்கு அது கேட்பதில்லை. கேட்பவருக்கும், தடுக்கும் அதிகாரம் உள்ளவருக்கும் இடையிலான இந்தத் தூரத்தைக் குறைப்பதே சமூகப் பொலிஸ் முறையின் நோக்கம்.

பிற நாடுகளின் அனுபவம்

இலங்கைப் பொலிஸ் சேவை 1866ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஆட்சியில் அமைக்கப்பட்டது. ஆட்சியைக் காக்கும் படை என்ற தோற்றமே மக்கள் மனதில் நீண்டகாலம் நிலைத்தது. ஜப்பானில் 'கோபன்' எனப்படும் சிறிய காவல் நிலையங்கள் குடியிருப்புகளுக்கு நடுவிலேயே இயங்குகின்றன. சிங்கப்பூர் அதைப் பின்பற்றி 1983இல் தோ பாயோவில் தனது முதல் அக்கம்பக்கக் காவல் நிலையத்தைத் திறந்தது.

தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளியில் ஆணையாளராக இருந்த ஜே.கே. திரிபாதி, 1999ஆம் ஆண்டு தொடக்கம் நகரைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட காவலர்களையே பொறுப்பாக்கினார். பெயர் குறிப்பிடாமல் முறையிடுவதற்குப் பெட்டிகள் வைக்கப்பட்டன. முகம் தெரிந்த காவலரிடம் மக்கள் தயங்காமல் பேசினார்கள்.

அதே தமிழ்நாடு மற்றொரு பாடத்தையும் தருகிறது. 1993இல் இராமநாதபுரத்தில் 'காவல்துறை நண்பர்கள்' என்ற தொண்டர் அமைப்பு தொடங்கப்பட்டது. 2020இல் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தபோது, அவ்வமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அரசு அதனைத் தடை செய்தது. மக்கள் தகவல் தரலாம், சாட்சி சொல்லலாம், பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்கலாம். தடியைக் கையில் எடுப்பது மக்கள் பங்களிப்பு ஆகாது.

நம் நாட்டில்

இங்கும் கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் பொதுமக்களைக் கொண்ட பொலிஸ் குழுக்கள் அமைக்கப்படுகின்றன. தோட்டத் தலைவர்கள், ஆசிரியர்கள், கோயில், பள்ளிவாசல், விகாரை நிர்வாகிகள் ஒன்றாக அமரக்கூடிய இடம் இது. கசிப்பு விற்கும் இடம், இருட்டான பாதை, மாணவிகளைத் தொந்தரவு செய்யும் பஸ் தரிப்பிடம் ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய இடமும் இதுவே. ஆயினும் கூட்டம் பகலில் நடந்தால் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணால் வர முடியாது. தகவல் தந்தவரின் பெயர் மறுநாளே வெளியானால், பிறகு எவரும் வாய் திறக்கமாட்டார். எனவே பெண்கள் இடம்பெறுவதும் இரகசியம் காக்கப்படுவதும் இக்குழுக்களின் உயிர்நாடி.

வீட்டு வன்முறையில் இது தெளிவாகத் தெரிகிறது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, துணைவரோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவரால் உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளாகியுள்ளார். "குடும்பச் சண்டைதானே, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அயலவரும் தலைவரும் பொலிஸாரும் திருப்பி அனுப்பினால் அப்பெண்ணுக்குப் போக்கிடம் ஏது? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்புத் தருகிறது. அவளே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கோரலாம். அக்கட்டளை 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும். அதை மீறுவது தண்டனைக்குரிய குற்றம்.

மொழி என்னும் தடை

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. எனினும் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் கீழ், அதில் இருப்பது என்னவென்று தெரியாமலே கையொப்பமிடும் நிலை நம்மவர்க்கு இன்னும் உண்டு. விளங்காத மொழியில் எழுதப்பட்டதை விளக்கச் சொல்லிக் கேட்பது நமது உரிமை. 'என்ட்ரி' போட்டால் அதன் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமும் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். இரு மொழியும் கற்ற ஒரு மாணவி, எழுத்தறியாத பாட்டியோடு பொலிஸ் நிலையம் வரை துணைக்குச் செல்வதும் பெரிய சமூகப் பணியே.

ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைக்க வேண்டிய மூன்று இலக்கங்கள் உள்ளன: பொலிஸ் அவசர உதவிக்கு 119, பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929.

பொலிஸார் நேர்மையோடு நடந்தால் மக்கள் பேசுவார்கள். மக்கள் பேசினால் பொலிஸாரால் நேரத்தோடு வர முடியும். இவ்விரண்டில் எது இல்லாவிட்டாலும் குழு வெறும் பெயர்ப்பலகைதான். சுவருக்கு அப்பால் அழுகுரல் கேட்கும் இரவில், வானொலியின் சத்தத்தைக் கூட்டுவதா, 119ஐ அழைப்பதா என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.