ஒரே வகுப்பு, மூன்று பாடம்: ‘அரும்பு, மொட்டு, மலர்’ எதற்காக?

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 42-லிருந்து 17 போனால் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு குழந்தை 25 என்று சரியாக எழுதும். இன்னொன்று 35 என்று எழுதும். 2-லிருந்து 7 போகாதே என்று, தலைகீழாக 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கும். மூன்றாவது குழந்தைக்கு 42 என்பதையே வாசிக்கத் தெரியாது. அதே கணக்கை போர்டில் இன்னொரு தடவை போட்டுக் காட்டினால் இந்த மூணு பேரில் யாருக்கு லாபம்?

35 எழுதிய குழந்தைக்குத் தேவை குச்சிகள்தான். பத்துப் பத்தாகக் கட்டிய நாலு கட்டு, உதிரியாக ரெண்டு. அதிலிருந்து 7 எடுக்கணும்னா ஒரு கட்டை அவிழ்த்தே ஆகணும். ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்று டீச்சர் சொல்வதன் அர்த்தம் அப்போதுதான் பிடிபடும். மூன்றாவது குழந்தைக்கு இதுவும் சீக்கிரம். அது எண்களை அறிவதிலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் அடிப்படை இதுதான். கொரோனா காலத்தில் விட்டுப்போன கற்றலை ஈடுகட்ட, 2022 ஜூனில் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்குத் தொடங்கியது. பிறகு 4, 5-க்கும் வந்தது. எந்த வகுப்பு என்று பார்க்காமல், என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கிறார்கள்.

யோசனை புதுசு இல்லை. 2010 வாக்கில் அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தவரா நீங்கள்? செயல்வழிக் கற்றலின் ஏணிப்படியும் அட்டைகளும் ஞாபகம் இருக்கும். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்தது அது. ‘பிரதம்’ அமைப்பும் வட மாநிலங்களில் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துப் பாடம் நடத்தியது. அதில் வாசிப்பும் கணக்கும் முன்னேறியதை, 2019-ல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரின் ஆய்வுகள் காட்டின.

ஆபத்தும் உண்டு. நிலை என்பது தற்காலிகம். ஜூனில் ‘அரும்பு’ என்று உட்கார்ந்த பிள்ளை மார்ச்சிலும் அங்கேயே இருந்தால், அது பழைய ‘மக்கு பெஞ்ச்’சுக்குப் பூப் பெயர் வைத்த கதைதான். பெற்றோர் கேட்க வேண்டியது, “எம்புள்ள எந்த நிலை?” என்பதைவிட, “கடைசியா எப்போ நிலை மாறுச்சு?” என்பதைத்தான்.

அதற்கு அடிக்கடி சோதிக்க வேண்டும், கூடவே உட்கார வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 60 மாணவர்கள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் போதும். ஐந்து வகுப்புகள், வெவ்வேறு நிலைகள், ரெண்டே ரெண்டு பேர். மதிப்பீட்டு விவரங்களை செயலியில் ஏற்றுவதும் அவர்கள் வேலைதான்.