சீருடையைக் கழற்றிய முதல் ஆண்டு

போரிலிருந்து வீடு திரும்பிய படைவீரரைப் பற்றி நம் மனத்தில் ஒரு சித்திரம் பதிந்திருக்கிறது. பட்டாசுச் சத்தத்துக்குத் திடுக்கிடுவார், நள்ளிரவில் அலறி எழுவார். களத்தில் கண்டதெல்லாம் உடம்புக்குள் தங்கிவிட்ட குண்டுச் சில்லுபோல அவரை உள்ளிருந்தே அறுத்துக்கொண்டிருக்கும். சினிமாக்காரர்களின் கற்பனை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அப்படித் துன்பப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தச் சித்திரத்தை முழுதாக நம்பினால், சண்டையை நேரில் பார்த்தவருக்குத்தான் பாதிப்பு, பார்க்காதவர் பிழைத்துக்கொண்டார் என்ற முடிவுக்கு வந்தாக வேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் லட்சக்கணக்கான வீரர்களின் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வுகள் அந்த முடிவுக்கு இடம்தரவில்லை. போருக்குப் போனது எவ்வளவு முக்கியமோ, படையை விட்டு வெளியே வருவதும் அதே அளவு முக்கியம், சில வகைகளில் அதைவிடவும் முக்கியம் என்று அவை காட்டுகின்றன. படைவீரர் நலனுக்கு எந்த அரசு எங்கே பணத்தைச் செலவிடுகிறது என்று பார்த்தால், இந்தச் செய்தி உரியவர்களைச் சென்றடைந்ததாகத் தெரியவில்லை.

மார்க் ரீகரும் அவருடைய குழுவினரும் 2015-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கலாம். 2001 அக்டோபர் முதல் 2007 டிசம்பர் வரை அமெரிக்கப் படைகளில் பணியிலிருந்த 39 லட்சம் பேரின் விவரங்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் யார் யார் 2009 இறுதிக்குள் எப்படி இறந்தார்கள் என்று மரணப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். ஆப்கானிஸ்தானுக்கும் இராக்குக்கும் அனுப்பப்பட்டவர்கள் அதிகமாகத் தற்கொலை செய்துகொள்கிறார்களா என்பது அவர்களுடைய கேள்வி. பதிவான தற்கொலைகள் 5,041. போருக்குப் போனதற்கும் தற்கொலைக்கும் தொடர்பு தென்படவில்லை. வேறொன்று தென்பட்டது. பணியில் நீடித்தவர்களைவிடப் பணியை விட்டு விலகியவர்களிடம் தற்கொலை ஆபத்து ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம். விலகியவர் போருக்குப் போயிருந்தாலும் சரி, அலுவலகக் கோப்புகளோடு காலம் கழித்திருந்தாலும் சரி, இந்த உயர்வு இருந்தது. நான்கு ஆண்டுக்குக் குறைவாகப் பணியாற்றிவிட்டு வெளியேறியவர்களின் நிலை இன்னும் மோசம்.

பிரிட்டனில் 2009-லேயே இதை ஒத்த ஒரு முடிவு வந்திருந்தது. 1996-க்கும் 2005-க்கும் இடையில் அந்நாட்டுப் படைகளை விட்டு வெளியேறிய 2,33,803 பேரை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் நவ் கபூர் குழு ஆராய்ந்தது. முதலில் நல்ல செய்தி: மொத்தமாகப் பார்த்தால் முன்னாள் வீரர்களின் தற்கொலை விகிதம் பொதுமக்களின் விகிதத்தைத் தாண்டவில்லை. பட்டாளத்திலிருந்து வந்தவர் என்றாலே மனம் உடைந்தவர் என்ற எண்ணத்தை இந்த ஒரு கணக்கே பொய்யாக்குகிறது. ஆனால் சராசரிக்குள் வேறொரு உண்மை ஒளிந்திருந்தது. 24 வயதும் அதற்குக் குறைந்த வயதுமுள்ள ஆண்களிடம் மட்டும், அதே வயதுப் பொதுமக்களைவிட ஆபத்து இரண்டு முதல் மூன்று மடங்கு இருந்தது. குறுகிய காலம் பணியாற்றியவர்கள், கீழ்நிலைப் பதவியில் இருந்தவர்கள் அதில் முன்னால் நின்றார்கள். வெளியேறிய முதல் இரண்டு ஆண்டுகளில் ஆபத்து உச்சத்தில் இருந்திருக்கலாம் என்றும் தெரிந்தது. இன்னொரு தகவல்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. மனநல மருத்துவச் சேவையோடு மிகக் குறைந்த தொடர்பு வைத்திருந்தவர்கள், மிக அதிக ஆபத்தில் இருந்த அதே இளைஞர்கள். தற்கொலை செய்துகொண்டவர்களில் இருபது வயதுக்குக் கீழ்ப்பட்டோரை எடுத்துக்கொண்டால் 14 சதவீதத்தினரே அத்தகைய சேவையை நாடியிருந்தார்கள்.

ஆபத்து எப்போது உச்சத்தைத் தொடுகிறது என்பதையும் அடுத்தடுத்த ஆய்வுகள் நெருங்கிப் பார்த்தன. 2010 முதல் 2017 வரை அமெரிக்கப் படைகளிலிருந்து வெளியேறிய சுமார் 18.7 லட்சம் பேரை ஆராய்ந்து 2020-இல் வெளியான கட்டுரை, ஆறாவது மாதத்திலிருந்து பன்னிரண்டாவது மாதம் வரையிலான காலமே மிக ஆபத்தானது என்று கண்டது. முதல் வாரமோ முதல் மாதமோ அப்படி இல்லை. இது ஏன் என்று அந்தப் புள்ளிவிவரம் தானாகச் சொல்லாது. ஆனால் ஊகிப்பது கடினமில்லை. வீடு திரும்பியதும் வரவேற்பு இருக்கிறது, ஓய்வு இருக்கிறது, கையில் பணம் இருக்கிறது. சில மாதங்களில் உறவினர்கள் வந்துபோவது குறைகிறது. அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்ற கேள்வி கேட்கப்படுகிறது. மனுப்போட்ட இடங்களிலிருந்து பதில் வருவதில்லை. துன்பம் முற்றும் அந்த நேரத்தில் அவரைப் பற்றிய கோப்பைப் படை மூடிப் பல மாதங்கள் ஆகியிருக்கும்.

படை முகாம் ஒரு மனிதனுக்கு என்ன கொடுக்கிறது என்று பார்த்தால், வெளியே வந்தவர் எதை இழக்கிறார் என்பது புரியும். சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1961-இல், சிறை, மடம், மனநலக் காப்பகம் ஆகியவற்றோடு படை முகாமையும் ஒரே வகையில் சேர்த்தார். உறக்கம், உழைப்பு, உணவு, பொழுதுபோக்கு எல்லாம் ஒரே கூரையின்கீழ், ஒரே அதிகாரத்தின்கீழ், ஒரே கூட்டத்தோடு நடக்கும் இடங்கள் அவை. பதினெட்டு வயதில் அங்கே நுழைந்தவர் எப்போது எழுவது, என்ன உடுத்துவது, யாரோடு சாப்பிடுவது என்று முடிவெடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் வளர்கிறார். அது அடிமைத்தனம் என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தோன்றலாம். உள்ளே இருப்பவருக்கு அது துணையும்கூட. எட்டுப் பேர் ஒரே பாரக்கில் படுத்தால் ஒருவன் இரவு முழுக்கப் புரண்டுகொண்டிருந்ததை மற்றவர்கள் காலையில் கேட்டுவிடுவார்கள். சொந்த வீட்டில் தனி அறையில் படுப்பவரிடம் அதைக் கேட்க ஆளில்லை. தோளில் உள்ள பட்டை அவர் யார் என்று ஊருக்கே சொன்னது. வெளியே அந்தப் பட்டைக்கு மதிப்பில்லை. பத்துப் பேர் கொண்ட பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஹவில்தார் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் வண்டி எண்களை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம், அதில் விசேஷம் எதுவும் இருப்பதாக நினைப்பதில்லை.

இந்த இழப்புகளுக்கெல்லாம் உண்மையில் அவ்வளவு வலு உண்டா? அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் யாருக்கு வருகிறது என்று ஆராய்ந்த 77 கட்டுரைகளை கிரிஸ் புரூவினும் சக ஆய்வாளர்களும் 2000-ஆம் ஆண்டு ஒன்றுதிரட்டி, 14 காரணிகளின் வலிமையை ஒப்பிட்டார்கள். அதிர்ச்சி எவ்வளவு கொடியது என்பதைவிட, அதன்பின் அந்த மனிதருக்கு ஆதரவாக ஆட்கள் இருந்தார்களா என்பது நோயோடு வலுவான தொடர்பு கொண்டிருந்தது. 14 காரணிகளில் ஆதரவின்மையே முதலிடத்தில் நின்றது. அதிர்ச்சிக்குப் பிறகு வாழ்க்கையில் சேரும் பிற நெருக்கடிகளின் தொடர்பும் அதிர்ச்சியின் கடுமையை விஞ்சியது.

ஆனால் சூழலின் வலிமைக்கு நான் காட்ட விரும்பும் முதன்மைச் சான்று எதிர்த்திசையிலிருந்து வருகிறது. 1971-இல் வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடையே ஹெராயின் பரவிக்கிடந்தது. அடிமைகளான பல்லாயிரம் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குள் வந்து இறங்கப்போகிறார்கள் என்று வாஷிங்டன் நடுங்கியது. அதிபர் நிக்சன் அந்த ஜூன் மாதத்தில் போதைப்பழக்கத்தை நாட்டின் முதல் எதிரி என்றார்; சிறுநீர்ச் சோதனையில் தேறினால்தான் விமானம் ஏறலாம் என்று உத்தரவாயிற்று. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லீ ராபின்ஸிடம், திரும்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று கண்டறியும் பொறுப்பு கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் திரும்பியவர்களில் சுமார் 900 பேரை அவருடைய குழு தேடிப்பிடித்துப் பேட்டி கண்டது. அங்கே இருந்தபோது ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அந்த அடிமைகளில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம். மூன்று ஆண்டுக் கணக்கு எடுத்தாலும் 12 சதவீதம்தான். சிகிச்சை மையங்களிலிருந்து வெளியே வந்த ஹெராயின் நோயாளிகளில் பெரும்பாலோர் மீண்டும் விழுவதையே பார்த்துப் பழகிய மருத்துவர்கள் இதை நம்ப மறுத்தார்கள். ஆய்வே தவறு, அரசுக்கு வேண்டியதை எழுதிக்கொடுத்துவிட்டார் என்றெல்லாம் ராபின்ஸ் கேட்க நேர்ந்தது. ஆனால் வியட்நாமிலிருந்து புறப்படுவதற்கு முன் சிறுநீரிலும் அதன்பின் பேட்டியிலும் சோதித்த தரவு அது. போதை மூளைக்குள் மட்டும் குடியிருக்கவில்லை. மலிவாகக் கிடைத்த பொருளிலும் சலிப்பிலும் அச்சத்திலும் கூடப் புகைத்த கூட்டாளிகளிலும் அது பரவியிருந்தது. அந்த இடத்தை விட்டு ஆளைப் பெயர்த்து எடுத்தபோது பழக்கத்தின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிட்டது. கெட்ட பழக்கத்துக்கு இது பொருந்துமானால், ஒருவரை நிமிர்த்தி வைத்திருந்த நல்ல பழக்கங்களுக்கும் பொருந்தத்தானே செய்யும்?

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். களத்தில் நின்றவரின் வேதனையை இப்படிக் கரைத்துவிடலாமா? கூடாது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கணக்கில், இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் நேரடிச் சண்டைப் பணியில் இருந்துவிட்டுப் படையை விட்டு வந்தவர்களில் 17 சதவீதத்தினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகள் இருந்தன. சரக்குப் போக்குவரத்து, மருத்துவம் போன்ற துணைப் பணிகளில் இருந்து வந்தவர்களிடம் அது 6 சதவீதத்துக்கும் குறைவு. சண்டை தழும்பு வைக்கிறது, சந்தேகமில்லை. நான் சொல்வது, இவை இரண்டு வெவ்வேறு பாதிப்புகள் என்பதுதான். ஒன்றுக்கு மருத்துவர் வேண்டும். மற்றதற்கு வேலையும் கூட்டாளிகளும் வழக்கமாக அழைத்து விசாரிக்க ஓர் ஆளும் வேண்டும். முதலாவதை மட்டும் தேடினால், குண்டுச் சத்தமே கேட்காமல் நான்கு ஆண்டில் வெளியே வந்த இருபத்திரண்டு வயதுக்காரர் எந்தப் பட்டியலிலும் இடம்பெற மாட்டார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் நுட்பமானது. விரைவில் வெளியேறுகிறவர்கள் முன்பே ஏதோ சிக்கலில் இருந்தவர்களாக இருக்கலாம். பயிற்சியில் தோற்றவர், ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர், உடல்நலம் கெட்டவர். போருக்கு அனுப்பத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்களோ திடமானவர்கள். அப்படியானால் வெளியேற்றம் காரணமல்ல, வெறும் அடையாளம்தான். இதில் உண்மை இருக்கிறது. கபூர் குழுவே இந்தச் சாத்தியத்தை எழுதியிருக்கிறது, கௌரவமான முறையில் விடுவிக்கப்படாதவர்களிடம் ஆபத்து கூடுதல் என்று ரீகர் ஆய்வும் காட்டுகிறது. ஆனால் பழைய சிக்கல் மட்டுமே காரணமென்றால், ஆபத்து வெளியேறிய சில மாதங்களுக்குப் பிறகு ஏறிப் பின்னர் இறங்குவானேன்? காரணம் எதுவாயினும், யாருக்கு உதவி தேவை என்ற கேள்விக்கு விடை மாறவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அரசுகளின் வழக்கம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. மறுவாழ்வு உதவியை அவை நீண்ட சேவைக்கான பரிசாகப் பார்க்கின்றன. பிரிட்டனில் ஆறு ஆண்டுகள் முடித்தவருக்குத்தான் முழுமையான வேலைமாற்ற உதவி. நான்கு ஆண்டுக்குள் வந்தவர்களுக்கு மிகக் குறைவாகவே கிடைத்துவந்தது. இந்தியாவில் ஜவானுக்கு ஓய்வூதியம் கிடைக்கப் பதினைந்து ஆண்டு சேவை வேண்டும். அதை முடித்தவர் நாற்பது வயதுக்கு முன்னால் ஊர் திரும்பினாலும், ஓய்வூதியமும் கேன்டீன் அட்டையும், மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1986 முதல் முன்னாள் படைவீரர்களுக்கான டெக்ஸ்கோ நிறுவனம் காவல் பணிகளாவது வாங்கித் தருகிறது. குறைகள் நிறைய, ஆனாலும் ஒரு கைப்பிடி உண்டு.

2022-இல் வந்த அக்னிபத் திட்டம் இந்தக் கைப்பிடியை அகற்றியிருக்கிறது. பதினேழரை வயது முதல் இருபத்தொன்று வரை சேர்ப்பு, நான்கு ஆண்டு பணி, அதன்பின் கால்வாசிப் பேர் மட்டும் நிரந்தரம் என்பது அறிவிக்கப்பட்ட ஏற்பாடு. மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கொடுத்து அனுப்புவார்கள். ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. அதாவது அந்த நல அலுவலகத்தின் கதவு விதிப்படி அவர்களுக்கு உரியதல்ல. வயதையும் பணிக்காலத்தையும் பார்த்தால், பிரிட்டன், அமெரிக்க ஆய்வுகள் சிவப்பு மையில் வட்டமிட்ட அந்த இளைஞர்களின் வயதோடும் காலத்தோடும் ஏறத்தாழ ஒத்துப்போகிறார்கள். மேலே சொன்ன இரண்டாவது மறுப்பும் இங்கே பலவீனமாகிறது: இவர்கள் தோற்று வெளியேறுகிறவர்கள் அல்லர், திட்டமே பெரும்பாலோரை வெளியே அனுப்புகிறது.

நம் ஊரில் குடும்பம் தாங்கும், மேலைநாட்டு எண்களை இங்கே பொருத்தக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. அந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது என்பது சரி. துப்பாக்கி எளிதில் கிடைக்கும் அமெரிக்காவின் நிலைமை வேறு. ஆனால் துப்பாக்கி அரிதான பிரிட்டனிலும் இளைஞர்களிடம் அதே போக்குதான் தெரிந்தது. குடும்பம் பெரிய பலம் என்பதிலும் ஐயமில்லை. அதே குடும்பம்தான் நிரந்தரமாகாமல் வந்த மகனைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பையன் மட்டும் எப்படித் தேறினான் என்றும் கேட்கும். மத்திய ஆயுதக் காவல் படைகளில் இவர்களுக்கு இட ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். அது பயனுள்ளதுதான். ஆனால் அறிவிப்பு, எழுத்துத் தேர்வு, முடிவு என்று ஓர் ஆண்டை எளிதாக விழுங்கும் நடைமுறை அது. ஆபத்தான மாதங்கள் அந்தக் காத்திருப்புக்குள்ளேயே வந்துபோய்விடும்.

தேவைப்படுவது பெரிய செலவும் அல்ல. வெளியே வந்த ஆறாவது மாதத்திலும் ஒன்பதாவது மாதத்திலும் பன்னிரண்டாவது மாதத்திலும் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும். அழைப்பவர் அதே ரெஜிமெண்டிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் தானாக அழைக்கத் தயங்குகிறவர்களே அதிக ஆபத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்தோம், எனவே அழைப்பு அரசுப் பக்கத்திலிருந்து போக வேண்டும். அத்துடன் வெளியேறியவர்களின் பட்டியலை மரணப் பதிவோடு ஒப்பிட்டு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பிரிட்டனும் அமெரிக்காவும் தங்கள் நிலையை அப்படித்தான் அறிந்துகொண்டன. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் அணிகளுக்கு நான்கு ஆண்டு முடிவது 2026-இன் இறுதியிலும் 2027-இன் தொடக்கத்திலும். அவர்களுடைய ஆறாவது மாதம் 2027-இன் நடுவில் வருகிறது.