இடுப்பில் பாப்பா... எதிரே செங்கம் ரோடு!

திருவண்ணாமலை, ரமணாசிரமம் பகுதியில் சாயங்காலம் அம்மா பூ விற்கக் கிளம்பினால், பாப்பா பக்கத்து வீட்டு எட்டு வயசுச் சிறுமியின் இடுப்பில்! "கொஞ்சம் பாத்துக்கடி கண்ணு" என்பதோடு சரி. 2 வயதானால் பால்வாடி உண்டு. சாயங்காலம் அது சாத்திக் கிடக்குமே!

பாப்பாவோடு விளையாடட்டும். தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டக்கூடாது. செங்கம் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் பறக்கின்றன. பௌர்ணமியிலோ 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜன சமுத்திரம்; கை நழுவினால் எங்கே தேடுவது? குளிப்பாட்டும் வேலையும் வேண்டாம். பக்கெட்டில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலே ஆபத்து.

கூப்பிடு தூரத்தில் பெரியவர் ஒருத்தர் கட்டாயம் இருக்கணும். திண்ணைப் பாட்டி போதும். அதுவும் தூங்காத பாட்டி!

பாப்பா வீறிட்டு அழுதால் சிறுமி தானே சமாளிக்க வேண்டாம், உடனே பாட்டியைக் கூப்பிடணும். இதை முதல் நாளே சொல்லி வையுங்கள்.