படங்களின் துணையுடன் ஸ்பானிய மொழி

இங்கிலாந்துப் பாடசாலைகளில் எம்மவர் பிள்ளைகள் பலர் ஸ்பானிய மொழியை ஒரு பாடமாகப் பயின்று வருகின்றனர். அண்மையில் அயல்வீட்டுத் தாய் ஒருவர் தம் மகளின் கொப்பியை எம்மிடம் நீட்டினார். "மாஸ்ரர், கணக்கெண்டால் நான் சொல்லிக் குடுப்பன். இந்தப் பாசையில எனக்கு ஒரு சொல்லும் தெரியாது" என்றார். கொப்பியின் இடப்புறத்தில் இருபது ஸ்பானியச் சொற்களும் வலப்புறத்தில் அவற்றின் ஆங்கிலப் பொருளும் எழுதப்பட்டிருந்தன. சிறுமி வலப்புறத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அனைத்தையும் ஒப்புவித்தாள். மறுவாரம் கேட்டபோது ஆறு சொற்களே எஞ்சியிருந்தன.

குறை பிள்ளையின் நினைவாற்றலில் இல்லை. சொல்லைச் சொல்லோடு மட்டும் கட்டினால் அது பற்றிப் படரக் கொழுகொம்பு கிடையாது. சொல்லைப் பொருளோடு சேர்த்துக் காட்டவேண்டும். இது புதிய கருத்தன்று. 1658 இல் கொமேனியஸ் என்ற கல்வியாளர் நூரெம்பேர்க் நகரில் வெளியிட்ட நூல், படங்களைக் கொண்டே சிறார்க்கு லத்தீன் மொழியைப் பயிற்றியது. அவரும் பிறந்த மண்ணை இழந்து நாடு நாடாக அலைந்தவரே.

நாம் அச்சிறுமிக்கு முதலிற் காட்டியது பாணின் படம். "இது என்ன?" என்றோம். தாயார் "பாண்" என்றார். மகள் "பான்" என்றாள். இருவரும் வியப்புடன் ஒருவரையொருவர் நோக்கினர். பதினேழாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள் எமது வீடுகளில் இன்றும் வழங்குகின்றன. போர்த்துக்கேய மொழியும் ஸ்பானிய மொழியும் உடன்பிறந்தவை. எமது மேசை ஸ்பானிய மொழியில் 'மெசா', வாங்கு 'பாங்கோ', அலுமாரி 'அர்மாரியோ', சப்பாத்து, லத்தீன் அமெரிக்காவில் 'சபாத்தோ', ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'தபாத்தோ'. ஒரு சொல்லும் தெரியாதென்ற தாயாருக்கு ஐந்து சொற்கள் ஏற்கெனவே தெரிந்திருந்தன.

ஆயினும் ஒரு தடை உண்டு. மேசை எமக்கு அஃறிணை. ஸ்பானிய மொழியிலோ அது பெண்பால். ஆண்பாற் பெயரின் முன் 'எல்' என்பதும் பெண்பாற் பெயரின் முன் 'லா' என்பதும் வரும். எனவே 'எல்' வரும் படங்களுக்கு நீலக் கரையும் 'லா' வரும் படங்களுக்குச் சிவப்புக் கரையும் இடுமாறு கூறினோம். நிறம் கண்ணிற் பதியுமானால் பாலும் நினைவில் நிற்கும்.

சொல்லோடு பண்பாட்டையும் படம் கொண்டுவருகிறது. 'தொர்த்தியா' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினில் அது உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துப் பொரித்த தடித்த அடை. மெக்சிக்கோவிலோ சோள மாவில் தட்டிச் சுட்ட மெல்லிய ரொட்டி. அகராதி நீண்ட விளக்கம் தரவேண்டிய இடத்தில் இரண்டு படங்கள் போதும். மெக்சிக்கோவில் 'லொத்தெரியா' எனும் விளையாட்டும் உண்டு. அதில் 54 படச்சீட்டுகள்: சேவல், சூரியன், நிலா, இதயம் என்றவாறு. ஒருவர் சீட்டை எடுத்துப் பெயரை அழைக்க, ஏனையோர் தம் அட்டையில் அப்படத்தின்மேல் அவரை விதையை வைப்பர். இதனைக் கடுதாசி மட்டையில் நாமே வரைந்துகொள்ளலாம். செலவு எதுவுமில்லை.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை மூன்று வினாக்களே. 'கே ஆய்?' என்றால் என்ன இருக்கிறது, 'கியென் எஸ்?' என்றால் யார் அவர், 'தோந்தே எஸ்தா?' என்றால் எங்கே இருக்கிறது. கடைகள் அனுப்பும் விளம்பரத் தாள்களிலுள்ள படங்களை வெட்டி ஒட்டி, நாளுக்குப் பத்து நிமிடம் இவ்வினாக்களைக் கேட்டால் பிள்ளை வாய்திறந்து பேசும். ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையின் ஸ்பானியப் பேச்சுத் தேர்விலும் படத்தைப் பார்த்து விபரிக்கும் பகுதி உண்டென்பதை மறத்தலாகாது.

வளர்ந்த மாணவர்க்குப் பெரும் ஓவியங்களையும் காட்டலாம். 1937 ஏப்ரல் 26 ஆம் நாள் பாஸ்க் மக்களின் கெர்னிக்கா நகர்மீது ஜேர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அதனையே பொருளாகக் கொண்டு பிக்காசோ பாரிசில் அவ்வாண்டே தீட்டிய ஓவியத்தில் குதிரையுண்டு, எருதுண்டு, விளக்குண்டு, இறந்த குழந்தையை ஏந்திய தாயுமுண்டு. 1939 இல் அமெரிக்காவை அடைந்த அவ்வோவியம், சர்வாதிகாரி பிராங்கோ மறைந்து மக்களாட்சி மலர்ந்த பின்னர், 1981 இலேயே ஸ்பெயினுக்குச் சென்றது. 1937 மே மாதத்தில் ஏறத்தாழ 4,000 பாஸ்க் சிறுவர்கள் கப்பலேறி இங்கிலாந்தின் சவுத்ஹம்ரன் துறைமுகத்தில் வந்திறங்கினர்.

இத்தகைய படத்தைக் காட்டுகையிற் பொறுமை வேண்டும். குண்டுவீச்சைக் கண்ட குடும்பங்கள் எம்மிடையே பல. பிள்ளை பேசாதிருந்தால் வற்புறுத்தலாகாது. அயல்வீட்டுச் சிறுமியின் தமையன் இவ்வோவியத்தை நெடுநேரம் நோக்கியிருந்தான். பின்னர்த் தாயின் உருவைத் தொட்டு "மாத்ரே" என்றான். குழந்தையைத் தொட்டு "நீஞ்ஞோ" என்றான். அப்பால், "அகதிக்கு என்ன சொல், மாஸ்ரர்?" என வினவினான். 'ரெஃபுஹியாதோ' என்றோம். அதனைக் கொப்பியில் எழுதி, நீலக் கரையிட்டான். தாயாரோ, "அப்ப எனக்கு?" என்று கேட்டார். "உங்களுக்கு ரெஃபுஹியாதா, அம்மா. சிவப்புக் கரை" என்று மகன் விடை பகர்ந்தான்.

அலுவலகங்களில் எமக்காகப் பேசிப் பழகிய பிள்ளைகள், படிப்பில் எம்மாற் பயனில்லையென்று எண்ணத் தொடங்கிவிட்டனர். ஒரு படத்தை இடையில் வைத்து அவர்களருகே அமர்வோமாயின் அவ்வெண்ணம் மாறும். மொழி தெரியாமை எமக்குக் குறையன்று. அருகில் அமராமையே குறை.