தோட்டத்துக்கு பேட்டரி: விலை கேட்கும் முன் கணக்குப் போடுங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து மூன்று நாள் மேகமூட்டமாக இருந்தால் போதும். பல தோட்டங்களில் சூரிய மின்வேலி நின்றுவிடுகிறது. அன்று இரவே காட்டுப்பன்றிகள் மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் இறங்கிவிடுகின்றன. சத்தியமங்கலம், தாளவாடி, ஓசூர் போன்ற காட்டை ஒட்டிய பகுதிகளில் யானையும் வந்துவிடும். வேலிக் கம்பியிலோ கருவியிலோ பழுது இருக்காது. தேவையைக் கணக்கிடாமல் வாங்கிய பேட்டரிதான் பல இடங்களில் காரணம்.

மின்இணைப்பு எட்டாத தோட்டத்தில் மின்வேலிக் கருவி, கண்காணிப்பு கேமரா, செல்போன் மூலம் மோட்டாரை இயக்கும் கருவி போன்றவற்றுக்கு பேட்டரி பொருத்த நினைக்கிறீர்களா? கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு நாள் தேவை எவ்வளவு?

ஒவ்வொரு கருவியின் பின்புறமும் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அதை, கருவி ஓடும் மணி நேரத்தால் பெருக்குங்கள். எடுத்துக்காட்டாக, மின்வேலிக் கருவிக்கு 3 வாட், கேமராவுக்கு 5 வாட், மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவிக்கு 2 வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 வாட். 24 மணி நேரமும் ஓடினால் ஒரு நாளைக்கு 240 வாட்-மணி தேவை.

அடுத்து, வெயில் இல்லாத எத்தனை நாளைச் சமாளிக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் பகுதிகளில் மூன்று நாளாவது வேண்டும். அப்படியானால் 720 வாட்-மணி.

பாசன மோட்டாரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 5 எச்.பி. மோட்டார் ஏறத்தாழ நாலரை கிலோவாட் மின்சாரம் இழுக்கும். மேலே சொன்ன 720 வாட்-மணியை அது பத்து நிமிடத்தில் தீர்த்துவிடும். மோட்டாருக்கு, பேட்டரி இல்லாமல் பகலில் நேரடியாக ஓடும் சோலார் பம்ப்செட்தான் சரி.

ஈய அமிலமா, லித்தியமா?

பேட்டரியில் எழுதியிருக்கும் கொள்ளளவு முழுவதையும் எடுத்துவிட முடியாது. ஈய அமில டியூபுலர் பேட்டரியைப் பாதி அளவுக்கு மேல் இறங்க விடாமல் பயன்படுத்தினால்தான் நீண்ட நாள் உழைக்கும். ஆகவே 720 வாட்-மணிக்கு 1,440 வாட்-மணி கொள்ளளவு வேண்டும். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 120 ஆம்பியர்-மணி.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை எடுக்கலாம். அதன் மின்னழுத்தம் 12.8 வோல்ட் என்பதால் சுமார் 70 ஆம்பியர்-மணி போதும். எடை குறைவு, தண்ணீர் ஊற்ற வேண்டாம், கூடுதலான முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். ஆனால் வாங்கும்போது விலை அதிகம். அடிக்கடி போய்ப் பார்க்க முடியாத இடத்துக்கு லித்தியமும், வாரம் ஒருமுறையாவது ஆள் போகும் இடத்துக்கு டியூபுலரும் பொருந்தும்.

டிராக்டர், கார் பேட்டரியைக் கொண்டுபோய் வைப்பது வேண்டாம். அது வண்டியைக் கிளப்பச் சில விநாடிகள் மட்டும் அதிக மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்டது. இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் விரைவில் கெட்டுப்போகும்.

பேனலும் கன்ட்ரோலரும்

பேனல் அன்றாடத் தேவையைத் தருவதோடு, மழை நாட்களில் இறங்கிய பேட்டரியை மீண்டும் நிரப்பவும் வேண்டும். மூன்று நாள் இறக்கத்தை அடுத்த மூன்று நாளில் ஈடுகட்ட, நாளொன்றுக்கு 240 வாட்-மணி கூடுதலாகச் சேர்த்து 480 வாட்-மணி தேவை. இழப்பு 30 சதவீதம், நல்ல வெயில் நாலரை மணி நேரம் என்று கொண்டால் 150 வாட் பேனல் வேண்டும். மர நிழல் விழாத இடத்தில் தெற்கு நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

சார்ஜ் கன்ட்ரோலரில் பேட்டரி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். ஈய அமிலத்துக்கான அமைப்பில் லித்தியத்தை இணைத்தால் இரண்டுக்கும் ஆகாது. கருவிகளை கன்ட்ரோலரின் 'லோடு' முனையில் இணையுங்கள். பேட்டரி மிகவும் இறங்கும் முன் அது தானாகத் துண்டித்துவிடும். பேட்டரியின் பிளஸ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் போடுவது கட்டாயம்.

வைக்கும் இடமும் பராமரிப்பும்

ஈய அமில பேட்டரிக்கு வெப்பம் பெரிய எதிரி. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும். வெயிலில் காயும் தகரப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். நிழலில், மழைநீர் ஏறாத உயரத்தில், காற்றோட்டத்துடன் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது.

டியூபுலரில் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள்; கிணற்று நீர் வேண்டாம். முனைகளைத் துடைத்து வாஸ்லின் தடவுங்கள். பேனலையும் கருவிகளையும் துண்டித்துச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் பாருங்கள். 12.7 வோல்ட் என்றால் நிரம்பியிருக்கிறது, 12.2 என்றால் பாதி. லித்தியத்தில் கடைசி வரை வோல்ட் அதிகம் மாறாது. அதனால் இருப்புச் சதவீதத்தைக் காட்டும் மீட்டருடன் வாங்குவது நல்லது.

கடையில் கேளுங்கள்

* ஆம்பியர்-மணி அளவு சி10 கணக்கா, சி20 கணக்கா? சி20-இல் அதே பேட்டரி பெரிதாகத் தெரியும். ஒப்பிடும்போது ஒரே கணக்கில் ஒப்பிடுங்கள்.
* உத்தரவாதத்தில் எத்தனை மாதம் வரை இலவசமாக மாற்றித் தருவார்கள்? அதற்குப் பிறகு விலையில் எவ்வளவு கழிவு?
* லித்தியம் என்றால் உள்ளே பாதுகாப்புச் சுற்று இருக்கிறதா?
* பழைய பேட்டரியை எடுத்துக்கொள்வார்களா? அதைக் குப்பையில் போடக் கூடாது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பேட்டரி இறங்கிவிட்டது என்று மின்கம்பத்திலிருந்தோ பம்ப்செட் அறையிலிருந்தோ வேலிக்கு நேரடியாக மின்சாரம் கொடுக்காதீர்கள். மின்வேலிக் கருவி ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை, மிகக் குறுகிய நேர அதிர்ச்சி மட்டுமே தருவதால் உயிருக்கு ஆபத்து வராமல் விலங்கை விரட்டுகிறது. நேரடி மின்சாரம் ஆளையும் கொல்லும், யானையையும் கொல்லும், சிறைக்கும் கொண்டுபோகும். காட்டை ஒட்டிய நிலமாக இருந்தால், வேலி போடும் முன் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.