செட்டிநாட்டுச் சுவரும் சுண்ணாம்பும்

கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் நகரத்தார் வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையையும் வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சுவரைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. சித்திரை வெயிலிலும் அது குளிர்ந்திருக்கும். பீங்கான் தட்டைப் போல வழுக்கும்.

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, மணலோடு சேர்த்து அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றிக் குழைப்பார்கள். முதலில் கரடான பூச்சு, அதன்மேல் வரவர நைசான பூச்சுகள். கடைசிப் பூச்சுக்குச் சலித்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேரும். அது காயக் காய வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊரார் முட்டையைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த அரைவையும் தேய்ப்பும்தான் பெரிதாகத் தெரிகின்றன.

சூளையில் சுடும்போது கல்லிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. சுவரில் ஏறிய பிறகு சுண்ணாம்பு அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரைய வைக்கிறது. வெள்ளைக்கருவின் புரதம் பூச்சைப் பிணைக்கிறது.

இந்தப் பளபளப்பு அழகுக்கு மட்டுமல்ல. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் நீண்ட வீடுகள் இவை. கல்யாணமான மகனை 'வேறு வைக்கும்' வழக்கத்தால் வளவைச் சுற்றி ஆளுக்கொரு அறை உண்டு. நகரத்தார் கணக்கில் ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி; உலை தனித்தனி. வளவின் திறந்த நடுவாசலில் விழும் வெளிச்சத்தை வெள்ளைச் சுவர்தான் நாலாபுறமும் பரப்புகிறது.

1942-இல் ஜப்பான் படைகள் பர்மாவைப் பிடித்தபின் நகரத்தார் அங்கு நடத்திவந்த வட்டித் தொழில் நொடித்தது. பல வீடுகள் பூட்டப்பட்டன. சிலவற்றின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றது நல்ல செய்திதான். ஆனால், எஞ்சிய வீடுகளையும் சிமெண்டால் ஒட்டுப்போட்டே கெடுக்கிறோம். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் உண்டு. அடியிலிருந்து ஏறும் ஈரம் அவற்றின் வழியே ஆவியாகும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடுகிறது. ஈரம் பக்கத்துப் பூச்சுக்குப் பரவ, அதிலுள்ள உப்பு பூத்து, நூறு வருடப் பூச்சு செதில் செதிலாக உதிர்கிறது. வீட்டைச் செப்பனிட நினைப்பவர்கள், சுண்ணாம்பு நீற்றத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.